மனையும் பட்டறையும்: ஓவியர் றெம்பிராண்டின் வாழ்வு

கலை எங்கே வளர்ந்தது என்று வினவுவார்க்கு, ஆலயத்தில் வளர்ந்தது, அரசவையில் வளர்ந்தது என்று விடை கூறுவது வழக்கம். அவ்விடை பொய்யன்று; ஆயினும் முழுமையானதன்று. ஆலயத்திற்கும் அரசவைக்கும் செல்லுமுன் கலை தவழ்ந்து விளையாடிய இடம் ஒன்றுண்டு. அதுவே மனை. இதனை இணுவில் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தவிலும் நாதசுரமும் குலச்செல்வமாக விளங்கிய மனைகள் நம்மூரில் இருந்தன. அங்கே பிறந்த குழந்தை எழுத்தறியுமுன் சொற்கட்டு அறியும். அடுக்களையிற் சோறு கொதிக்க, திண்ணையிற் பாடம் நடக்கும். ஈழமும் தமிழகமும் போற்றிய தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933 - 1975) அவர்களை நமக்குத் தந்தது அத்தகைய மனையே. அங்கே வீடு வேறு, பட்டறை வேறு என்ற பிரிவில்லை.

கடல் கடந்த தேசமொன்றிலே, ஏறக்குறைய நானூறு ஆண்டுகட்கு முன்னர், இவ்வாறே வீடும் பட்டறையும் ஒன்றாக வாழ்ந்த ஓவியர் ஒருவரின் சரித்திரத்தை இம்மலரிலே கூற முற்படுகின்றோம். அவர் ஒல்லாந்து தேசத்து றெம்பிராண்ட் வான் றைன் என்பார். அவர் தம் மனைவியோடு மேசையருகே அமர்ந்து சித்திரம் வரைகின்ற கோலத்தைத் தாமே செப்புத் தகட்டிற் கீறி 1636 ஆம் ஆண்டிலே அச்சிட்டார். உள்ளங்கையில் அடங்கத்தக்க சிறு படம் அது. நீளமும் அகலமும் ஏறக்குறையப் பத்துச் சதமமீற்றர் அளவினவே. அச்சிறு படத்தை வாயிலாகக் கொண்டே அவர் வாழ்வினுட் புகுவோம்.

ஒல்லாந்தர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் அவர்கள். நம்மூர்ச் சின்னத்தம்பிப் புலவர் வாழ்ந்ததும் அவர்கள் ஆட்சியிலேயே. நாம் இன்றும் அலுவலகத்தைக் கந்தோர் என்கின்றோம். மேசை இழுப்பறையை லாச்சி என்கின்றோம். தோட்டத்திற் போஞ்சி நடுகின்றோம். இவையெல்லாம் அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள். அவர்களுடைய கோட்டையை அறிந்த நாம் அவர்களுடைய கலைஞர் ஒருவரையும் அறிந்திருத்தல் தகும்.

பிறப்பும் பயிற்சியும்

றெம்பிராண்ட் 1606 ஆம் ஆண்டு யூலை மாதம் 15 ஆந் திகதி லைடன் என்னும் நகரிலே பிறந்தார். தந்தையார் ஹார்மன் என்பவர் மாவரைக்கும் ஆலையொன்றின் உடைமைக்காரர். தாயார் நீல்கென் ரொட்டி சுடுவோர் குடும்பத்தில் வந்தவர். பெற்றோர் மகனைக் கற்றோனாக்க விரும்பி இலத்தீன் பாடசாலையிற் சேர்த்தனர். 1620 இல் லைடன் பல்கலைக்கழகப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. ஆயின் அவர் மனம் ஏட்டிற் படியவில்லை. பெற்றோர் பிடிவாதஞ் செய்யாது அவரை லைடனிலே யாக்கொப் வான் சுவானன்பேர்க் என்னும் ஓவியரிடம் ஒப்படைத்தனர். பின்னர் அம்ஸ்டர்டாம் நகரிற் பீற்றர் லாஸ்ற்மன் என்பவரிடம் ஆறு மாதம் பயின்று ஊர் திரும்பினார். இருபது வயது நிரம்புமுன்னரே தம் ஊரிற் தாமே தொழில் நடத்தத் தொடங்கினார்.

அக்காலத்தில் அவருக்குப் படம் வரைய எதிரே அமர்ந்தவர் யாவர்? கூலி கொடுத்து ஆளமர்த்தும் வசதி அவருக்கில்லை. ஆதலின் வீட்டிலிருந்தோரையே வரைந்தார். 1628 இல் அவர் தகட்டிற் கீறிய முதிய மாதின் முகம் அவர் தாயாரின் முகமென்றே நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டு வருகின்றது. சுருக்கம் விழுந்த நெற்றியும், ஒடுங்கிய வாயும், தளர்ந்த கண்ணிமையும் நூலினும் நுண்ணிய கோடுகளால் அமைந்துள்ளன. யாரும் இல்லாத வேளைகளிற் கண்ணாடியின் முன் நின்று தம் முகத்தையே வரைந்தார். சிரித்தும், சினந்தும், வியந்தும் பார்த்து அவ்வவ் மெய்ப்பாடுகளைத் தகட்டிற் பதித்தார். மனையே அவருக்கு முதற் கலைக்கழகமாயிற்று.

தகட்டுச் சித்திரம் அமையும் முறை

ஆங்கிலத்தில் எச்சிங் எனப்படும் இச்சித்திரம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை மாணவர் பொருட்டு ஈண்டுச் சிறிது விளக்குவோம். மெருகிட்ட செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சொன்று பூசப்படும். ஓவியர் ஊசியினால் அப்பூச்சிலே கோடு கீறுவார். கீறிய இடத்திற் செம்பு வெளித்தோன்றும். பின்னர்த் தகட்டைத் திராவகத்தில் இடுவர். பூச்சுள்ள இடத்தைத் திராவகம் தீண்டாது. கீறிய இடத்தை மாத்திரம் அரித்துப் பள்ளமாக்கும். நெடுநேரம் அரித்த கோடு ஆழ்ந்து கறுத்திருக்கும். சிறிது நேரம் அரித்த கோடு மெலிந்து மங்கியிருக்கும். பின்பு பூச்சை நீக்கி, தகடெங்கும் மை தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட, பள்ளங்களில் மாத்திரம் மை தங்கும். ஈரக் கடதாசியை அதன்மேல் விரித்து, உருளைகளுக்கிடையே பலமாக அழுத்தி இழுப்பின், கடதாசி அம்மையை உறிஞ்சிக்கொள்ளும். பொற்கொல்லர் மனைகளிலே திராவகத்தின் ஆற்றலைக் கண்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இதில் இரண்டு இயல்புகளை நோக்குக. ஒன்று, ஒரே தகட்டிலிருந்து பல படிகளை எடுக்கலாம். வண்ண ஓவியமொன்று செல்வர் ஒருவர் சுவரில் அடங்கிவிடும். தகட்டுச் சித்திரமோ சில காசு கொடுக்கக்கூடிய எவர் கையிலும் சேரும். மற்றொன்று, தகட்டில் உள்ளது கடதாசியில் இடம் வலமாக மாறி விழும். 1650 ஆம் ஆண்டில் இந்து சமுத்திரப் பகுதியிலிருந்து சென்ற கடற்சிப்பியொன்றை றெம்பிராண்ட் தகட்டிற் கீறினார். தம் கையொப்பத்தை மறக்காமற் புரட்டி எழுதியவர், சிப்பியைப் புரட்டாது கண்டவாறே கீறிவிட்டமையால், அச்சில் அச்சிப்பியின் புரி இயற்கைக்கு மாறாகச் சுழன்று நிற்கின்றது. வலம்புரி, இடம்புரி என்ற வேறுபாட்டை நன்கறிந்த நம்மவர் அதனைக் காணின் உடனே புன்முறுவல் பூப்பர். தம் முகத்தை வரையும்போதோ இவ்வியல்பு அவருக்குத் துணைசெய்தது. கண்ணாடி ஒருமுறை இடம் வலம் மாற்ற, தகடு மறுமுறை மாற்ற, அயலவர் கண்ட முகமே கடதாசியில் வந்தமைந்தது.

சஸ்கியா அம்மையாரும் 1636 ஆம் ஆண்டுச் சித்திரமும்

1631 ஆம் ஆண்டளவில் றெம்பிராண்ட் அம்ஸ்டர்டாம் நகருக்குக் குடியேறி, ஹெந்திரிக் ஒய்லன்பேர்க் என்னும் சித்திர வணிகருடன் சேர்ந்து தொழில் செய்தார். 1632 இல் அவர் தீட்டிய உடற்கூற்றுப் பாட ஓவியம் அவரை அந்நகரின் முதன்மை ஓவியராக்கிற்று. அவ்வணிகரின் உறவினரான சஸ்கியா அம்மையாரை 1634 ஆம் ஆண்டு யூன் மாதம் மணம் முடித்தார். அம்மையாரின் தந்தையார் லேவார்டன் நகரின் தலைவராயிருந்தவர். சிறுவயதிலே பெற்றோரை இழந்த அம்மையார் தமக்குரிய பங்குடன் வந்தார். ஆலைக்காரர் மகனுக்கு அஃது உயர்ந்த சம்பந்தமே.

1635 ஆம் ஆண்டு திசெம்பரில் இவர்களுக்குத் தலைமகன் பிறந்தான். இரண்டு மாதங்கள் மாத்திரம் வாழ்ந்து மறுவருடம் பெப்ரவரியில் இறந்தான். அந்த 1636 ஆம் ஆண்டே நாம் முன்னர்க் குறிப்பிட்ட சித்திரத்தின் ஆண்டுமாகும். படத்தின் முன்புறத்தே றெம்பிராண்ட் பழங்காலத் தொப்பியணிந்து, கையிற் கோல் பற்றி, கடதாசியின்மீது வரைந்துகொண்டிருக்கிறார். தொப்பியின் நிழல் நெற்றியிற் படிந்துள்ளது. அவருக்குப் பின்னே மேசையின் அப்புறத்தில் அம்மையார் அமர்ந்திருக்கிறார். கணவர் உருவம் பெரிது, கோடுகளும் அழுத்தமானவை. அம்மையார் உருவம் சிறிது, கோடுகளும் மெல்லியவை. மேசை ஒன்றே இருவர்க்கும் பொது. அஃது உண்ணும் மேசையா, வரையும் மேசையா என்று கேட்பின், இரண்டுந்தான் என்பதே விடை.

றெம்பிராண்ட் ஏறக்குறைய முந்நூறு தகட்டுச் சித்திரங்களை ஆக்கியவர். தம் உருவத்தைப் பலமுறை வரைந்தார். அம்மையாரின் உருவத்தையும் பலமுறை வரைந்தார். இருவரும் ஒருங்கே அமர்ந்த தகட்டுச் சித்திரமோ இஃதொன்றே. செல்வர் தம் மனைவியரோடு நிற்கும் ஓவியங்களிற் பட்டாடையும் பொன்னணியும் முன்னிற்கும். இங்கே முன்னிற்பது தொழில். தம் மனைவியோடு உலகிற்குத் தோன்ற விரும்பிய வேளையிலும் அவர் கோலைக் கீழே வைக்கவில்லை. அம்மையாரும் வேலைக்கு இடையூறாகாது, ஆயினும் வேலைக்குப் புறம்பாகாது, அருகிலேயே இருக்கிறார். அம்மனையின் இயல்பை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

வீடு வாங்கியதும் இழப்புகளும்

1639 ஆம் ஆண்டு யனவரியில் றெம்பிராண்ட் சிந்தந்தோனிஸ் வீதியிலே பெரிய வீடொன்றை 13,000 கில்டர் விலைக்கு வாங்கினார். விலையிற் காற்பங்கை முதலிற் கொடுத்து எஞ்சியதைச் சில ஆண்டுகளில் அடைப்பது உடன்பாடு. வீடு கலைக்கெனவே அமைந்தது போலிருந்தது. கீழ்த்தளத்திற் படம் வாங்க வருவோரை ஏற்கும் அறை. மேலே வடதிசை ஒளி விழும் ஓவிய அறை. அதற்கும் மேலே மாணாக்கர் பயிலும் மாடம். சிப்பிகள், படைக்கலங்கள், பிறநாட்டுத் துணிகள், பழைய சிலைகள், அச்சுச் சித்திரக் கட்டுகள் என்பவற்றை ஓரறையிற் சேர்த்து வைத்தார். பெர்டினன்ட் பொல், கேரல் பப்ரீசியஸ் முதலாய பல மாணாக்கர் அவரிடம் பயின்று பெயர் பெற்றனர். ஏலங்களிலே நல்ல பொருள் கண்டால் விலை பாராது வாங்குவது அவர் இயல்பு. அம்மையாரின் உறவினர், அவருடைய பங்கு வீண்செலவாகின்றதெனக் குறைகூற, 1638 இல் றெம்பிராண்ட் அவர்கள்மீது அவதூறு வழக்குத் தொடுத்ததும் உண்டு.

புறத்தே புகழ் ஓங்க, அகத்தே துயர் வளர்ந்தது. 1638 இலும் 1640 இலும் பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் சில வாரங்களிலேயே இறந்தனர். 1641 இற் பிறந்த தித்துஸ் என்னும் மகன் ஒருவனே பிழைத்தான். அம்மையாரோ நோயுற்றார். அவர் படுக்கையிற் கிடக்கும் நிலையை றெம்பிராண்ட் பலமுறை வரைந்தார். தகடொன்றிலே நோயுற்ற மாது தலையணையிற் சாய்ந்திருக்க, அதே தகட்டின் வேறு மூலைகளில் வேறு முகங்கள் சிதறிக் கிடக்கின்றன. நோயாளியின் அருகே காத்திருந்த நேரத்திலும் கை ஓயவில்லை போலும். இதனை நெஞ்சுரம் என்பதா, வேறு வகையில் துயரத்தைத் தாங்க அறியாமை என்பதா? படத்தைப் பார்ப்போர் தத்தம் அனுபவத்திற்கேற்ப முடிவு செய்வாராக.

1642 ஆம் ஆண்டு யூன் மாதம் 14 ஆந் திகதி சஸ்கியா அம்மையார் இறந்தார். அப்போது அவருக்கு வயது 29. தித்துஸ் ஒன்பது மாதக் குழந்தை. இராக்காவல் என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படும் பெரும் ஓவியம் நிறைவெய்தியதும் அவ்வாண்டிலேதான்.

மரணசாதனமும் அதன் விளைவும்

இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னர் அம்மையார் மரணசாதனம் எழுதுவித்தார். குடும்பச் சொத்திற் தம் அரைப்பங்கு மகனுக்குச் சேரும். கணவர் மறுமணம் செய்யாதவரை அதன் பயனை அனுபவிக்கலாம் என்பது அதன் சாரம். அநாதைப் பிள்ளைகளின் சொத்தைக் காக்கும் நகர மன்றின் மேற்பார்வையும் வேண்டாமென்று கணவரிடத்து முழு நம்பிக்கை வைத்தார். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்து வாழ்ந்த நம்மவர்க்கு இச்சாதனத்தின் நுட்பம் நன்கு புலப்படும். நம் தேசவழமையை 1707 ஆம் ஆண்டளவில் எழுத்திலே தொகுப்பித்தவர்களும் ஒல்லாந்தரே அல்லரோ? அவர்கள் நாட்டுச் சட்டம் இலங்கையின் பொதுச் சட்டத்திற்கு இன்றும் அடிப்படையாக உள்ளது. 1647 இற் கணித்தபோது, அம்மையார் இறந்த காலத்துக் குடும்பச் சொத்து 40,750 கில்டர் எனவும், தித்துஸின் பங்கு 20,375 கில்டர் எனவும் கண்டனர்.

அன்பினால் எழுதப்பட்ட அச்சாதனம் பிற்கால வாழ்வை இறுகப் பிணித்தது. குழந்தையை வளர்க்கக் கேர்த்தியே டிர்க்ஸ் என்னும் கைம்பெண் அமர்த்தப்பட்டார். றெம்பிராண்ட் அவருடன் நெருங்கிப் பழகி, அம்மையாரின் நகைகளையும் கொடுத்தார். பின்னர் ஹெந்திரிக்கே ஸ்தொபல்ஸ் என்னும் இளம்பெண் வீட்டுப்பணிக்கு வந்தார். கேர்த்தியே விலக்கப்பட்டார். மணப்பதாகக் கூறி வஞ்சித்தார் என்று அவர் முறையிட, 1649 இல் ஆண்டுதோறும் 200 கில்டர் கொடுக்கும்படி மன்றம் றெம்பிராண்டுக்குக் கட்டளையிட்டது. அவர் நகைகளை அடகு வைத்தமை கண்டு சினந்த றெம்பிராண்ட், அவருடைய உடன்பிறந்தானின் துணையையும் பெற்று, 1650 இல் அவரைக் கௌடா நகரத்துத் திருத்தச் சிறையில் அடைப்பித்தார். ஐந்தாண்டுகளின் பின்னரே அவர் விடுதலையானார். விடுதலையைத் தடுக்கவும் றெம்பிராண்ட் முயன்றார். பெரியோர் சரித்திரம் எழுதுவோர் இத்தகைய பகுதிகளைக் கடந்து செல்லுதல் உண்டு. நாம் அவ்வாறு செய்யோம். முதிய தாயின் சுருக்கங்களை இரக்கத்தோடு கண்ட கண்ணே தன் மனையில் வாழ்ந்த மற்றொரு பெண்ணின் துயரைக் காண மறுத்தது. கலைத்திறம் பெரிதாகலின் இக்குற்றம் சிறிதாகாது. குற்றம் உண்மையாகலின் கலைத்திறமும் இல்லையாகாது.

ஹெந்திரிக்கே அம்மையார் இறுதிவரை உடனிருந்தார். றெம்பிராண்ட் அவரை மணந்திருப்பின் சஸ்கியாவின் பங்கைக் கைவிட நேர்ந்திருக்கும். அதனைக் கொடுக்க அவரிடம் பணமில்லை. மணமின்றி வாழ்ந்தமைக்காக 1654 இல் திருச்சபை மன்றம் அழைத்துக் கண்டித்தது ஹெந்திரிக்கேயைத்தான். அவ்வாண்டு ஒக்டோபரில் அவருக்குக் கொர்னேலியா என்னும் மகள் பிறந்தாள். முன்னிறந்த இரு குழந்தைகளின் பெயரே இவளுக்கும் இடப்பட்டது.

இந்நாள்களின் இடையே, 1648 இல், றெம்பிராண்ட் மீண்டும் தம்மைத் தகட்டிற் கீறினார். சாளரத்தருகே தனியே அமர்ந்து வரையும் கோலம் அது. தகட்டிலே தம் முகத்தை அவர் முறையாகக் காட்டிப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. முன்னைய சித்திரத்தில் இருந்த பழங்கால அணிகலன் இல்லை; சாதாரணத் தொழிலாளியின் உடை. அதே தொழில், அதே மனை. ஆயின் மேசையின் அப்புறத்தில் எவரும் இல்லை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் சரித்திரம் சொல்லின்றி விளங்கும்.

வீடு கைமாறியது

பதினான்கு ஆண்டுகள் கழிந்தும் வீட்டு விலை முழுவதும் அடைபடவில்லை. 1653 இற் பலரிடமும் கடன்பட்டார். கடன் கடனையே ஈன்றது. 1656 ஆம் ஆண்டு வீட்டுரிமையை மகன் பெயருக்கு மாற்ற முயன்று, யூலை மாதத்தில் தம் உடைமை அனைத்தையும் கடன் கொடுத்தோர் பொருட்டு மன்றிடம் ஒப்புவித்தார். அம்மாதம் 25, 26 ஆந் திகதிகளில் அதிகாரிகள் வந்து அறை அறையாகப் பொருள்களை எழுதினர். 363 பதிவுகள் கொண்டது அப்பட்டியல். ஓவியங்கள், சிற்பங்கள், சித்திரக் கட்டுகள் முதலாகப் படுக்கை, கதிரை, துணிமணி ஈறாக எல்லாம் அதில் ஏறின. 1658 இல் வீடு 11,000 கில்டருக்குச் சிறிது கூடுதலான விலைக்குப் போயிற்று. குடும்பம் றோசன்கிராக்ட் என்னுமிடத்தில் வாடகை வீட்டிற் குடிபுகுந்தது.

அந்த 1658 ஆம் ஆண்டு யூன் மாதத்திலேதான் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்துக் கும்பனியார் கடல் கடந்து பிறர் நாட்டைக் கைப்பற்றிய ஆண்டிலே, அந்நாட்டின் தலைசிறந்த ஓவியர் தம் வீட்டை இழந்தார். கும்பனியாரின் கப்பல்கள் கறுவாவையும் மிளகையும் மாத்திரம் கொண்டு செல்லவில்லை. யப்பான் தேசத்து மெல்லிய கடதாசியும், இந்துஸ்தானத்து மொகலாயச் சிற்றோவியங்களும் அக்கப்பல்களிற் சென்றன. அக்கடதாசியிலே றெம்பிராண்ட் தம் தகட்டுச் சித்திரங்கள் பலவற்றை அச்சிட்டார். மொகலாய ஓவியங்களைப் பார்த்து இருபதிற்கும் மேற்பட்ட கைவரைவுகளை வரைந்தார். மரத்தடியில் அமர்ந்து உரையாடும் நான்கு பெரியோரைக் காட்டும் இந்திய ஓவியமொன்றின் அமைப்பு, ஆபிரகாம் தேவதூதரை உபசரிக்கும் 1656 ஆம் ஆண்டுத் தகட்டுச் சித்திரத்தில் ஊடுருவி நிற்கின்றது. தம் நாட்டெல்லையைக் கடந்து அறியாத அவர் கையிலே சாஜகான் மன்னரின் உருவமும் எழுந்தது. ஆளவந்தோர் நம் பகுதி மக்களை வரிக்கும் வணிகத்திற்கும் உரியோராகக் கண்டனர். அவ்வோவியரோ கீழ்த்திசை ஓவியரிடம் மாணாக்கராக அமர்ந்தார். இவ்வேறுபாடு நம் உள்ளத்திற் பதிதற்குரியது.

இறுதிக்காலம்

றெம்பிராண்டின் பெயரில் வருவன யாவும் கடன்காரரைச் சேரும் நிலையில், 1660 ஆம் ஆண்டு திசெம்பரில் ஹெந்திரிக்கே அம்மையாரும் தித்துஸும் கூட்டுச் சேர்ந்து சித்திர வணிகம் தொடங்கினர். ஓவியர் அக்கூட்டினரின் ஊழியர். உணவும் உறையுளுமே அவர்க்குரிய ஊதியம். தொழிலுக்காக ஒருபுறத்தே ஒதுங்கியிருந்த குடும்பம் இப்போது தொழிலையே தாங்கும் தூணாயிற்று. 1636 ஆம் ஆண்டுச் சித்திரத்திற் கணவர் பெரிதாகவும் மனைவி சிறிதாகவும் தோன்றினர் என்றோம். இப்பொழுது அவ்வளவு தலைகீழாயிற்று. எழுத்தறியாத அப்பெண்மணியும் பத்தொன்பது வயதான மகனும் தாங்கிநின்றமையாலேயே அவருடைய முதுமைக்கால ஓவியங்கள் உலகிற்குக் கிடைத்தன. தாயின் பங்கிற்காக நடந்த வழக்கின் முடிவில் 1665 இல் தித்துஸ் 6,952 கில்டர் பெற்றார். உரிய பங்கில் அது மூன்றிலொன்றளவே.

ஹெந்திரிக்கே அம்மையார் 1663 இல் இறந்தார். தித்துஸ் 1668 இல் மணம் முடித்து, அவ்வாண்டு செப்தெம்பரிலேயே இறந்தார். அவர் மகள் அவர் இறந்தபின் பிறந்தாள். 1669 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆந் திகதி, தமது 63 ஆவது வயதில் றெம்பிராண்ட் காலமானார். வெஸ்டர் தேவாலயத்தில், வாடகைக் கல்லறையொன்றில் அடக்கம் செய்யப்பட்டார். எஞ்சியவள் பதினைந்து வயதுக் கொர்னேலியா. அவள் மறுவருடம் ஓவியர் ஒருவரை மணந்து பத்தாவியாவிற்குக் கப்பலேறினாள். யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிகாரிகளும் அப் பத்தாவியாவின் மேலாணைக்கு உட்பட்டிருந்தவரே. அங்கே பிறந்த தன் மக்களுக்கு அவள் இட்ட பெயர்கள் றெம்பிராண்ட், ஹெந்திரிக்கே என்பன. ஊரார் பழித்த தாயின் பெயரையும், வீடிழந்த தந்தையின் பெயரையும் கீழ்த்திசை மண்ணிலே மீண்டும் வாழவைத்தாள் மகள்.

நாம் அறியத்தக்கன

அவ்வீடு இன்றும் உளது. அம்ஸ்டர்டாம் நகரம் அதனை மீட்டு, 1911 இல் அரும்பொருட்சாலையாக்கிற்று. கடன்காரருக்காக எழுதப்பட்ட அப்பட்டியலையே வழிகாட்டியாகக் கொண்டு, எந்த அறையில் எது இருந்தது என்றறிந்து, பிற்காலத்தில் அவ்வறைகளை முன்போல் ஒழுங்குபடுத்தினர். இழப்பின் கணக்கே மீட்பின் கருவியாயிற்று. அவர் கீறிய தகடுகளிலும் எண்பது அளவின எஞ்சியுள்ளன. ஐரோப்பாவில் வாழும் நம் பழைய மாணவர் அந்நகர்க்குச் செல்ல வாய்க்கின், அவ்வீட்டின் படிகளில் ஒருமுறை ஏறி இறங்குவாராக.

இச்சரித்திரம் நம் சிந்தனைக்கு ஒரு கடமையையும் உணர்த்துகின்றது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையிற் கொண்டதோடு இடம்பெயர்ந்தபோது, நம் மனைகளிற் கிடந்தவற்றை எவரும் எழுதி வைக்கவில்லை. சுவரில் தொங்கிய படம் எது, மூலையில் இருந்த தவில் யாருடையது, லாச்சியிற் கிடந்த ஏட்டுச் சுவடி எதனைப் பற்றியது என்பவை அறிந்தோர் நினைவில் மாத்திரமே உள்ளன. நினைவு தகடன்று, அதிலிருந்து எத்தனை படியும் எடுக்கலாம் என்று இருந்துவிட முடியாது. ஆதலின் முதியோரே, உங்கள் மனையில் வாழ்ந்த கலைஞரைப் பற்றியும், அவர் அமர்ந்த இடத்தைப் பற்றியும், அவரைத் தாங்கிய தாயர், மனைவியர், மக்களைப் பற்றியும் அறிந்ததை எழுதித் தாருங்கள். மாணவரே, கேட்டு எழுதுங்கள். ஒரு மேசையும், இருபுறத்தும் இருவரும், ஒரு கையிற் கோலும் காட்டிய சிறு படம் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் வாழ்ந்துள்ளது. நம்மூர் மனைகளிலும் அத்தகைய மேசைகளும் திண்ணைகளும் இருந்தன. அவற்றின் சரித்திரம் எழுதப்படுமாயின், கல்லூரியின் அடுத்த விழாமலர் இம்மலரினும் சிறந்து விளங்கும் என்பது எமது துணிபு.